மூன்று முறை இழைத்த கதவு

குன்னூரில் சமமான இடம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலியும் ஒரு காவலாளியும் இருப்பார்கள். மற்றதெல்லாம் சரிவு. மார்க்கெட்டுக்கு மேலே நான் வேலை பார்த்த குடியிருப்பில், இருநூற்றுச் சொச்சம் படிகளின் இரண்டு பக்கமும் வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கீழ்வீட்டின் தகரக்கூரைதான் தெரியும். அங்கே ஒரு பிள்ளை பந்தை உதைத்தால் மார்க்கெட்டில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே போய்த் தேட வேண்டும். பந்து திரும்பக் கிடைப்பது அன்றைக்கு அந்தக் கடைக்காரர் இருக்கும் மனநிலையைப் பொறுத்தது.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததெல்லாம் ஒரு சமமான இடத்துக்கு ஆசைப்பட்டதால் நடந்தது. ஆசைப்பட்டவர்கள் பிள்ளைகள். தூண்டிவிட்டவள் நான்.

ஒரு சிறிய தொண்டு அமைப்பின் இளைஞர் மையம் அங்கே இருந்தது. மையம் என்றால் ஒரே ஓர் அறை. ஒரு கேரம் பலகை, இரண்டு கணினி, அதில் ஒன்று வேலை செய்யும், தச்சுப் பயிற்சிக்காக வாங்கிய ஒரு கருவிப்பெட்டி. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. பேசுவதைவிடத் திட்டியதே அதிகம்; எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பையன்கள் மூட்டை தூக்குவார்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுவார்கள், மீதி நேரம் படியில் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றுலா வேனில் யாருடைய செல்போனாவது காணாமல் போனால் முதலில் படியில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போவார்கள். உட்கார இடமில்லாதவன் படியில் உட்காருகிறான் என்று அங்கே போய் எத்தனை தரம் வாதாடியிருப்பேன். பெண்பிள்ளைகளுக்கு அந்தப் படியும் கிடையாது. அவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள்.

அப்படி வீட்டுக்குள் இருந்தவள்தான் நான் சொல்லப்போகும் பெண். அப்போது பத்தொன்பது வயது. பிளஸ் டூவில் தேறாமல் போன பிறகு எட்டு மாதம் அநேகமாக வெளியே வரவில்லை. அப்பா எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா தினமும் ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறவர். சிறு வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம் அவருடையது. நான் யாருக்கும் பாடம் சொல்லித் தந்ததில்லை என்றாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் ஏதோ விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மையத்துக்கு வந்தார். துணிப்பையைக் கீழே வைத்தபோது உள்ளே இரும்புச் சத்தம் கேட்டது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "என்னக்கா, தேயிலைக்குப் பதிலா கறி வெட்டப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பையைத் திறந்து காட்டினார். சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் சமையல் கத்தி, பிளேடு, வீட்டில் இருந்த மாத்திரை அட்டை எல்லாம் இருந்தன.

"ஒரு தடவ பாத்துட்டேன் டீச்சர். அதுலேருந்து வேலைக்குப் போறப்ப எல்லாத்தையும் கொண்டுக்கிட்டுப் போயிருவேன். சாயந்தரம் திரும்பி வந்து, கதவத் தட்டி, அவ தொறக்குற வரைக்கும் எனக்கு நெஞ்சுல உசுரு இருக்காது."

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். இரண்டு தரம் வந்தாள், பிறகு மாட்டேன் என்றுவிட்டாள். சாத்திய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பேசுவேன். பதில் வராது. சில நாள் உள்ளே ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள். அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வீடு கடைசி வரிசையில் இருந்தது. அதற்குக் கீழே குப்பையும் உண்ணிச்செடியும் மண்டிய ஒரு சரிவு. அதை வெட்டிச் சமமாக்கினால் ஒரு வாலிபால் மைதானம் கிடைக்கும் என்று பையன்கள் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது ஒருநாள் என் காதில் விழுந்தது. "பேசிட்டே இருங்க, மைதானம் தானா வந்துரும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு மம்பட்டியோடு போய் நின்றேன். மலையில் ஜேசிபி கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும். மம்பட்டிக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் தொடங்கி வெயில் காலம் முழுக்க, ஞாயிறு தவறாமல் வெட்டினோம். மூன்றாவது ஞாயிறு மேலே அந்தக் கதவு திறந்தது. அவள் இறங்கி வந்து, ஒரு பையன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினாள்.

"இப்படிப் பிடிச்சா சாயந்தரத்துக்குள்ள கை கொப்புளமாயிரும். தள்ளிக்கோ," என்றாள்.

எட்டு மாதத்தில் வெளியாட்களிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன். அதற்குப் பிறகு அவளைவிட வேகமாக மண் வெட்டியவர்கள் யாருமில்லை. தன் வீட்டின் அடிமண்ணைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒரே ஒரு தரம் சொன்னார். வெட்டிய சுவர் என் தலைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்திருந்த சமயம். தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேல கான் எடுக்காம அடியில மண்ண எடுக்கக்கூடாது டீச்சர். மழத்தண்ணி வெளிய ஓட வழி வேணும்ல. தோட்டத்துல நான் கான் வெட்டுன ஆளு, அதான் சொல்றேன்."

"மழைக்கு முன்னாடி வெட்டிரலாம்க்கா," என்றேன்.

வெட்டினோம், ஒரு சாண் அகலத்துக்கு. ஆடி மாதத்துக்குள் அது பிளாஸ்டிக் கவரால் அடைபட்டுப்போனது. அவர் மறுபடி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே மாதம் வலை கட்டினோம். உண்மையான அளவில் முக்கால்வாசிதான் வந்தது. ஆனால் பந்து வைத்த இடத்தில் நின்றது. முதல் நாள் பையன்கள் விளையாடவேயில்லை. பந்தைத் தரையில் வைத்து அது உருளாமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பேக்கரியில் வர்க்கி பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை முடிந்ததும் மாவு படிந்த கையோடு மைதானத்துக்கு வந்துவிடுவாள். அவள் அடிக்கிற பந்தை எடுக்க ஆண்பிள்ளைகள் திணறினார்கள். அம்மா மேலே சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பார். ஜூன் மாதம் ஒருநாள் படியில் என்னைப் பார்த்தபோது, துணிப்பையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். சத்தம் வரவில்லை.

"பை லேசாயிருச்சு டீச்சர்," என்றார்.

என் பதினொரு வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான். அந்தச் சந்தோஷத்தில் கண் தெரியாமல் போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

காலையில் மைதானத்தில் கல் கிடக்க ஆரம்பித்தது. முதலில் புளியங்கொட்டை அளவு, ஐந்தாறு. சுவரிலிருந்து உதிர்ந்தவை. வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளைகளுக்குக் குத்தும் என்று, பெருக்குவதற்கு நான் முறை போட்டேன். சார்ட் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் பெயர் எழுதி, அவர்தான் அன்று முதலில் வந்து பெருக்க வேண்டும் என்றேன். கடைசியில் மழை நாள் என்று தனியாக ஒரு கட்டம். மழையில் யார் விளையாடப் போகிறார்கள் என்று அதைக் காலியாக விட்டேன். மைதானத்துக்கு மிக அருகில் இருந்தது அந்த வீட்டின் பக்கச் சுவர்தான். தாளை மைதா பசை தடவி அங்கே கூரைக்கு அடியில் ஒட்டினேன். பொறுப்பு கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மலை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தினமும் பெருக்கித் தள்ள ஆள் நியமித்தேன், அவ்வளவுதான்.

ஆவணியில் அந்தத் தாள் மேலிருந்து கீழாகக் கிழிந்திருந்தது. நான் பார்த்தவுடனே ஒரு பையனைக் கூப்பிட்டேன். பெருக்கும் நாள் வந்தால் முணுமுணுப்பவன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நான் கிழிக்கலீங்க்கா."

"பின்ன சுவரே கிழிச்சுதா?"

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். அவன் ஒரு வாரம் மைதானத்துக்கு வரவில்லை. நான் கிழிசலின் மேல் டேப் ஒட்டினேன். பத்து நாளில் அதே இடத்தில், அதே கோட்டில், டேப்போடு சேர்ந்து கிழிந்தது. இந்த முறை எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினேன். பிறகு அகலமான பழுப்பு டேப் வாங்கி வந்து ஒட்டினேன். அந்தத் தாளை ஒருநாள், ஒரே ஒருநாள், விலக்கிப் பார்த்திருக்கலாம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. குன்னூருக்கு இந்த மழைதான் மழை. ஆட்டம் நின்றுபோனது. ஆனால் மழை விட்ட மறுநாள் போனால் மைதானம் சுத்தமாக இருக்கும். ஓரத்தில் கற்கள் குவித்து வைக்கப்பட்டிருக்கும். அப்போது சில கற்கள் தேங்காய் அளவு இருந்தன. பிள்ளைகளிடம், "பாத்தீங்களா, சொல்லாமலே செய்யறீங்க," என்று பெருமைப்பட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்ததாக நினைத்துச் சும்மா இருந்தார்கள். நானும் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேங்காய் அளவு கல் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி இருக்கும். மையத்தில் நான் தனியாக இருந்தேன். அவள் நனைந்துகொண்டே வந்து, துணியில் சுற்றிய ஒரு சாமானை மேஜையில் வைத்தாள். எங்கள் தச்சுப் பெட்டியிலிருந்த இழைப்புளி.

"தேங்க்ஸ்க்கா. வேலை முடிஞ்சுது."

"இத எதுக்கு எடுத்துட்டுப் போனே?"

"சமையக்கட்டுக் கதவு சாத்த மாட்டேங்குதுங்க்கா. மழைக்கு மரம் ஊதிருச்சு. கொஞ்சம் இழைச்சு விட்டேன்."

மழைக்காலத்தில் எல்லார் வீட்டிலும் கதவு ஊதும். நான் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிறகு சும்மா கேட்டேன், "பூராவுமா இழைச்சே?"

"இல்லீங்க்கா. மேல் மூலையில மட்டும்தான். அங்கதான் முட்டுது. இது மூணாவது தடவை."

மரம் ஊதினால் கதவு நெடுக ஊதும். ஒரு மூலை மட்டும் முட்டினால் சாய்வது கதவைத் தாங்கும் நிலை. நிலை சாய்கிறதென்றால் சுவர் நகர்கிறது. இதைக் கோடையில் மையத்தில் நடந்த தச்சுப் பயிற்சியின் முதல் வாரத்தில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபோது நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. முதல் தடவையே தெரிந்திருந்தது.

"சொன்னா மைதானத்த மூடிருவாங்க, அதானே?" என்றேன்.

அவள் இழைப்புளி சுற்றி வந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழிந்த தாள் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மேலிருந்து கீழாக, இரண்டு முறையும் ஒரே கோட்டில்.

"அம்மா எங்க?"

"ஊட்லதாங்க்கா. இன்னிக்கு லீவு."

படிகளில் தண்ணீர் ஓடை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஓடினோம்; என் முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே யாருமில்லை. பக்கச் சுவரில் என் தாள் இரண்டு துண்டாகத் தொங்கியது; அவற்றுக்கு நடுவே என் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

அவள்தான் முதலில் கீழே பார்த்தாள்.

மைதானத்தில், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, அம்மா குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் விளக்குமாறு சாத்தியிருந்தது. வெட்டுச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. அது தெளிவாக இல்லை. பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது.

"அம்மா, மேல வா," என்று அவள் கத்தினாள். அம்மா நிமிர்ந்து பார்த்து, இதோ முடிந்துவிட்டது என்பதுபோல் கையைக் காட்டினார்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார்களே, அவ்வளவுதான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளிச் சமையலறை அப்படியே கீழே இறங்கியது. ஜன்னல், அடுப்பு, இழைத்த கதவு எல்லாம். வலை கட்டிய கம்பம் ஒன்று மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது.

பையன்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, எப்படித் தெரிந்ததென்றும் தெரியவில்லை. மைதானத்தை வெட்டிய அதே மம்பட்டிகள், அதே கடப்பாரைகள். நான் திட்டி அனுப்பிய பையன் கையாலேயே தோண்டினான். அவள் மண்ணில் குப்புறப் படுத்து, "அம்மா, பேசு, பேசு," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். தீயணைப்பு வண்டி கீழ் ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது.

நாலாவது நாள், சமவெளி ஆஸ்பத்திரியில், அறிக்கை எழுத ஓர் அதிகாரி வந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவள். அதிகாரி நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார்.

"ஊட்டுக்கு அடியில மண்ணு எடுத்த மாதிரி தெரியுதுங்களே. யாரு வெட்டுனது?"

சொல்ல வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறக்கவில்லை. கட்டிலிலிருந்து அம்மா பேசினார்.

"அது முந்தியே அப்பிடித்தாங்க சார் இருந்துச்சு."

அதிகாரி கனமழை என்று எழுதிக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால் மாற்று வீடு கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அவள் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் கேட்டேன், "அந்த மழையில எதுக்குக்கா அங்க போனீங்க?"

"நீங்க ஒட்டுன தாள்ல மழ நாளைக்கு மட்டும் யாரு பேரும் இல்லியே டீச்சர். அப்ப அது என் பங்குன்னு நெனச்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "கல்லு பெருசாப் பெருசா விழுந்துச்சு. நீங்க பாத்தா ஆட்டத்த நிப்பாட்டிருவீங்க. பிள்ள மறுபடி உள்ள போய்க் கதவச் சாத்திக்கும்."

நான் அழுதேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு அந்தத் துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். இடிபாட்டிலிருந்து பையன்கள் மீட்டுக் கொடுத்த சாமான்களில் சமையல் கத்தியும் இருந்திருக்கிறது. அதை அவர் யாருக்கும் தெரியாமல் பைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"கதவ இழைச்சு இழைச்சு மறச்சது அவதான்னு அவளுக்கு மனசுல ஏறிருச்சு. மூணு நாளா ஒரு வார்த்த பேசல. நான் இனிமே எந்திரிச்சு நடக்குற ஆளு இல்ல. இதை நீங்க கொண்டு போங்க."

இப்போது அவர்களுக்கு வேறொரு சரிவில், அரசு கட்டிக் கொடுத்த வீடு. அம்மா முன்னறையில் கட்டிலில் இருக்கிறார். மகள் பின்னறையில். பேக்கரிக்குப் போவதில்லை. வாரம் ஒருமுறை ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன்; வருகிறாள், திரும்பி வந்து படுத்துக்கொள்கிறாள். தாளை ஒட்டியது நான், பெருக்கச் சொன்னது நான், வெட்டச் சொன்னது நான் என்று எத்தனையோ தடவை அவளிடம் சொல்லிவிட்டேன். "தெரியுங்க்கா," என்கிறாள்.

தினமும் காலையில் அங்கே போகிறேன். என் தோளில் அந்தத் துணிப்பை தொங்குகிறது, நடக்கும்போது சத்தம் வருகிறது. போனதும் பின்னறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கூப்பிடுகிறேன். சில நாள் உடனே பதில் வருகிறது, சில நாள் வெகுநேரம் ஆகிறது. புதுக் கட்டடம், புது நிலை, எந்த மூலையிலும் முட்டாது. அந்தக் கதவு நன்றாகச் சாத்துகிறது. எனக்கு அதுதான் பயம்.